நூற்றுக்கு இருபது

திருவான்மியூரில், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளிக் குடியிருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றிச் சில உண்மைகள் யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவிடும். ஜன்னல் கம்பியும் கேட்டின் தாழ்ப்பாளும் உப்புக்காற்றில் பொரிந்துகொண்டேயிருக்கும். சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதுமாக வருஷம் ஓடும். இந்தக் காற்றில் முப்பது ஆண்டுகளாக ஒரு காண்டெஸா காரை வைத்திருக்கிறோம். அதை ஆசை என்பதா பிடிவாதம் என்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் சிறிய லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். 1995இல், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அதைச் செகண்ட் ஹாண்டில் வாங்கிவந்தார். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் காண்டெஸாவை வெளியிட்டபோது, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரிலிருந்து வந்த அந்த நீண்ட உடலுக்குள் அம்பாஸடர் வம்சத்து 1.5 லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. ஆகிருதிக்கு ஏற்ற வேகம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஜப்பானின் இஸூஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ஏறத்தாழ 88 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சாதாரணச் சிறிய கார்கூட அதை முந்திவிடும். ஆனால் அன்றைய இந்தியச் சாலையில், விற்பனைக்கு இருந்த கார்களில், அது வேகமான கார். இளமையில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களைத் தவறாமல் பார்த்துவந்த அப்பாவுக்கு, தன் கைக்கு எட்டிய வேகம் அதுதான். 2002இல் காண்டெஸாவின் உற்பத்தி நின்றது. எங்கள் வண்டி நிற்கவில்லை.

நிற்கவில்லை என்று சொல்வது முழு உண்மையும் அல்ல. அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. கண்புரை அறுவைக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஞாயிறு காலையில், நான் ஓட்ட அவர் பக்கத்தில் அமர்ந்து முட்டுக்காடு வரை போய்வருவோம். மற்ற நாட்களில் அது துணிப்போர்வைக்குள் தூங்கும்.

2025 ஆகஸ்டில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை. நீலாங்கரையைத் தாண்டும்போது பெட்ரோல் வாடை அடித்தது. முன்னால் போகும் ஏதோ வண்டியினுடையது என்று நினைத்தேன். ஈஞ்சம்பாக்கத்திலும் அது கூடவே வந்தது. "ஓரங்கட்டுடா" என்றார் அப்பா. பானெட்டைத் திறந்தேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வியர்த்திருந்தது. ஆம், ஒழுகவில்லை, வியர்த்திருந்தது. விரலால் தொட்டபோது ரப்பர் கொழகொழவென்று கருப்பாக ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒரு சாண் கீழே, கை வைக்க முடியாத சூட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். ஒரு சொட்டு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது, முன்சீட்டில் சீட்பெல்ட்டைத் தானாக அவிழ்க்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த அப்பாவைத்தான் பார்த்தேன். அன்று வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தோம்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பழைய வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். தேவையான உறுப்புகளைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடுவார். அவர் ஹோஸை வெட்டி எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பெட்ரோல்ல கலக்குறாங்கல்ல சார், அதான்" என்றார்.

"இந்த ஹோஸை மாற்றி எத்தனை வருஷம் ஆகிறது பாய்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"அப்படியானால் வயசா, எத்தனாலா?"

"வயசான ஆளுக்கு ஜுரம் வந்தா, ஜுரத்தால படுத்தாரா வயசால படுத்தாரான்னு கேப்பீங்களா சார்?"

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் போதவில்லை. அடுத்த சில வாரங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த மாதங்களில் ஊர் முழுக்க இதே பேச்சு. எத்தனால் எஞ்சினைத் தின்றுவிடும் என்று ஒரு சாரார், ஒன்றுமே ஆகாது, எல்லாம் வதந்தி என்று மறு சாரார். இரண்டு பக்கமும் என்னிடமிருந்த அந்த ஓரடி ரப்பர் துண்டைப் பற்றிப் பேசவில்லை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது திடீரென்று வந்ததல்ல. 2003இலேயே தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. நாடு முழுவதும் சராசரி 10 சதவீதத்தை எட்டியது 2022 ஜூனில். 20 சதவீதக் கலவை 2023 பிப்ரவரியில் முதலில் சில பங்க்குகளில் மட்டும் விற்பனைக்கு வந்தது. 2030க்குள் எட்டுவதாக முதலில் திட்டமிட்டிருந்த 20 சதவீதம் 2025இலேயே எட்டப்பட்டது. பதினெட்டு வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு பத்துக்கு வந்தோம். அடுத்த மூன்றே வருஷத்தில் இருபது. உறுப்புகள் இருபதைத் தாங்கும்படியான கார்கள் 2023 ஏப்ரலிலிருந்துதான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கோடிக்கணக்கான வண்டிகள் ஏற்கெனவே சாலையில் இருந்தன. எங்களுடையது போன்ற முப்பது வருஷ வண்டியோ, எத்தனால் என்ற பெயரையே கேள்விப்படாத காலத்தில் பிறந்தது.

எத்தனால் என்னதான் செய்கிறது? முதலாவது, அது ஒரு கரைப்பான். பழைய ரப்பர்களையும் கார்க் கேஸ்கட்டுகளையும் ஊறவைக்கும் அல்லது இறுகவைக்கும். டேங்க்கின் உட்சுவரில் வருஷக்கணக்காகப் படிந்திருக்கும் அரக்கு போன்ற கசடைக் கழற்றிக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். இரண்டாவது, அது தண்ணீரை விரும்பும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மீறும்போது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். தினமும் ஓடும் வண்டியில் இதற்கு நேரமே கிடைக்காது. கடற்கரையோரத்தில் அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் நடக்கலாம். மூன்றாவது, அதற்குள் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. புதிய வண்டிகளில் சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. தன் பித்தளை ஜெட்டில் இருக்கும் துளை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். ஆகவே எஞ்சினுக்குக் கலவை தேவையைவிட நீர்த்துப் போகிறது. சூடு ஏறுகிறது, இழுவை குறைகிறது. நான்காவது, ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் ஆற்றல் என்றால் எத்தனாலில் 21தான். எனவே மைலேஜ் குறைவதில் மர்மம் ஏதும் இல்லை. நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே, எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம்வரை இழப்பிருக்கும் என்று சொன்னது.

இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் படித்ததை நம்புகிறவர் அல்ல, அளந்ததை நம்புகிறவர். "ஒரு அளவைக் குழாய் வாங்கிட்டு வா" என்றார். மொட்டைமாடியில், அடுப்பு நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், 100 மில்லி குழாயில் 10 மில்லி தண்ணீரை ஊற்றி அதன்மேல் 90 மில்லி பெட்ரோலை ஊற்றினோம். மூடிக் குலுக்கி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த தண்ணீர்க்கோடு 10இலிருந்து 27 பக்கம் ஏறி நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுவதும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. "தொண்ணூறுல பதினேழு. கிட்டத்தட்ட பத்தொன்பது சதவீதம். சொன்னபடிதான் இருக்கு" என்றார் அப்பா. எங்கள் பக்கத்து பங்க்கில் எத்தனை சதவீதம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தண்ணீர்க்கோடுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் அறிவிப்பு.

இதற்குப் பிறகு எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. அது எத்தனால் கலவாதது என்று பழைய வண்டிக்காரர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள். விலை சாதாரணப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மாதம் இருபது லிட்டர்தானே, போனால் போகிறது என்று அதையே போடுவதெனத் தீர்மானித்தேன். உயர்ந்த பெட்ரோல் போட்டால் வண்டி இன்னும் துடிப்பாக ஓடும் என்ற ஓர் ஆசையும் உள்ளே இருந்தது.

அப்பா சிரித்தார். "ஆக்டேன்னா பலம்னு நினைச்சியா?"

ஆக்டேன் என்பது பலத்தின் அளவல்ல, பொறுமையின் அளவு. அழுத்தத்திலும் சூட்டிலும் நேரத்துக்கு முன்னால் தானே வெடித்துவிடாமல், தீப்பொறி வரும்வரை காத்திருக்கும் குணம். அதிக அழுத்தத்தில் இயங்கும் பந்தய எஞ்சினுக்கு அது வேண்டும். எங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்தில் நாட்டில் விற்றது 87, 93 ஆக்டேன் பெட்ரோல். அதற்கேற்பத்தான் எஞ்சினையும் அமைத்திருக்கிறார்கள். அதற்கு நூறு தேவையேயில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆக்டேன்தான் வேண்டுமென்றால் எத்தனாலே அதைத் தரும். அதன் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. இருபது சதவீதம் கலந்த சாதாரணப் பெட்ரோலே 95ஐ எட்டுகிறது என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். அமெரிக்காவின் இண்டி பந்தயக் கார்கள் 2007இல் எத்தனாலிலேயே ஓடின. ஆக, வேகமான கார்களுக்கு எத்தனால் பகை என்பது சரியல்ல. தனக்கென்று செய்யப்படாத ரப்பருக்கும் ஜெட்டுக்கும்தான் அது பகை. நானோ, என் எஞ்சினுக்கு வேண்டாத நூறு ஆக்டேனுக்கு விலை கொடுத்து, அதில் இல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையில் இன்னொரு பழைய திருப்பம் உண்டு. 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் தட்டுவதைத் தடுக்க ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதே வேலையைச் செய்யவல்ல எத்தனாலும் அவர்கள் ஆராய்ச்சியில் இருந்தது. ஆனால் எத்தனாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, ஈயத்துக்கு வாங்கலாம். ஈயம் வென்றது. உலகம் முழுக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் அது கலந்தது. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் முழுமையாக வந்தது 2000இல்தான். அப்போதும் பழைய வண்டிக்காரர்கள் பயந்தார்கள். ஈயம் வால்வு இருக்கைகளுக்கு மெத்தை மாதிரி, அது போனால் எஞ்சின் போய்விடும் என்று பட்டறைகளில் பேசிக்கொண்டதை அப்பா சொல்வார். அந்தப் பயத்திலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனாலும் ஈயம் போனது நல்லதே. எங்கள் காண்டெஸா அதையும் தாண்டி வந்தது. எனவே, மாற்றம் என்றாலே எதிர்ப்பவனாக என்னை நான் நினைத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஆனால் மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவை சாதாரணப் பெட்ரோலானபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதக் கலவையை உயர் ஆக்டேன் ரகத்தில் விட்டுவைத்தார்கள். பத்துக்கே அந்த ஏற்பாடு. பிரேசில் நம்மைவிட வெகுதூரம் போய்விட்டது. 2015இல் 27 சதவீதம், 2025 ஆகஸ்டிலிருந்து 30. ஆனால் அவர்கள் தொடங்கியது 1975இல். ஒரு தலைமுறை வண்டிகள் கழிந்து இன்னொரு தலைமுறை வருவதற்கு அங்கே அவகாசம் இருந்தது. நம் ஊரில் எத்தனால் கலவாத சாதாரணப் பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு முந்தைய மாதம் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் இருபதாயிரம் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். அது பொய் இல்லை. ஆனால் அது பங்க்கில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டிய வாக்கியம். கணக்கில் அது சில ரப்பர் பாகங்கள். ஈஞ்சம்பாக்கத்துச் சாலையோரத்தில் அது அப்பா.

வண்டியை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒரு சிறிய சண்டை நடந்தது. எது எங்கே இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், நூறு ஆக்டேன் போட்டு மூடிவைத்து, எப்போதாவது எடுப்போம் என்பது என் கட்சி. அவர் கட்சி நேர்மாறானது. "நீ வண்டியை வெச்சிருக்கப் பாக்கற. நான் ஓட்டப் பாக்கறேன்" என்றார். அவரால் இனி ஓட்ட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனாலேயே நான் பதில் பேசவில்லை.

பாய் எரிபொருள் வழி முழுவதையும் கழற்றினார். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் ஹோஸ்கள் டேங்க்கிலிருந்து கார்புரேட்டர்வரை வந்தன. பம்ப்பின் உதரவிதானம், கார்புரேட்டரின் கேஸ்கட், ஊசி வால்வு எல்லாம் மாறின. டேங்க்கை இறக்கிக் கழுவியபோது வந்த கசடு காப்பித்தூள் நிறத்தில் ஒரு டம்ளர் இருந்தது. ஜெட் விஷயத்தை அப்பா எடுத்துக்கொண்டார். செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் போக வேண்டும், துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே விட்டத்தில் நான்கு சதவீதம் கூட்டினால் போதும். பட்டறையை மூடிப் பதினோரு வருஷங்களுக்குப் பிறகு அவர் கையில் பென்சிலைப் பார்த்தேன். புதுப்பேட்டையில் ஓர் அளவு பெரிய ஜெட் கிடைத்தது. போட்டு, ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முன்பு வெளிறிக் கிடந்த முனை இப்போது இளம் பழுப்பு. "இப்ப சரி" என்றார். எல்லாம் சேர்த்து ஆன செலவு, நான் ஆறு மாதம் நூறு ஆக்டேன் போட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய அளவுதான். இனி மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆகிவிட்டது. பெட்ரோல் டேங்க்கில் கிடந்து ஈரம் இழுக்காமலிருக்க அதுவே நல்ல வழி. மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்தவேண்டி வந்தால் மட்டும் டேங்க் நிறைய நூறு ஆக்டேன் போட்டு நிறுத்துவதென்று சமரசம் செய்துகொண்டோம்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் சில நாள் கழித்து, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கேன் தொங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட் அவருடையது. மூன்றாவது மாடி வீடுகளுக்குக் கேன் தூக்குகிறவர் அவர்.

"அண்ணே, இந்த நூறு ரூபா... இல்ல, நூறு பெட்ரோலுன்னு சொல்றாங்களே, அதைப் போட்டா வண்டி நல்லா ஓடுமா? இப்பல்லாம் இழுக்கவே மாட்டேங்குது. நாளைக்கு முப்பது ரூபா கூடப் போவுது."

இந்த ஊரில் பழைய கார்புரேட்டர்களோடு வாழ்கிறவர்கள் என்னைப் போன்றவர்கள் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன் கூடையோடு போகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர், இஸ்திரித் துணி கொண்டுவருகிறவர். அவர்களுடைய டியூபும் கொழகொழக்கும். அவர்களுடைய எஞ்சினும் நீர்த்த கலவையில் சூடேறும். அதுவும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பழைய வேகக் கார்களுக்கு இந்த எரிபொருள் பாதுகாப்பானதா என்று நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு எனக்கு நேரமும், நூறு ஆக்டேனுக்குப் பணமும், கணக்குப் போட ஓர் அப்பாவும் இருந்தார்கள்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. அது உங்கள் வண்டிக்குத் தேவையில்லை" என்றேன். அவர் மொபெட்டின் பெட்ரோல் டியூபைக் கிள்ளிப் பார்த்தேன். மஞ்சளித்து விறைத்திருந்தது. பாயிடம் மிச்சமிருந்த ஹோஸில் அவருக்கு ஏற்ற அளவு இல்லை. எந்த டியூப் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஜெட்டைப் பற்றியும் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசல் நாற்காலியிலிருந்து அப்பா கேட்டார்:

"வண்டி என்ன சைஸ் ஜெட்டுப்பா? கழட்டி எடுத்துட்டு வா, பாக்கலாம்."